ஃபிராங்கோனியா மலைச் சுற்று: விரல் விட்டு எண்ணி நடக்க வேண்டிய ஒன்பது மைல்

ஜூன் பிறந்துவிட்டால் போதும், எங்கள் நாஷுவா வட்டாரத்திலிருந்து யாராவது ஒருவர் போன் செய்துவிடுவார்கள். “அக்கா, இந்தச் சனிக்கிழமை ஃபிராங்கோனியா போலாம்னு இருக்கோம். எத்தனை மணிக்குங்க கிளம்பணும்? பசங்களும் வராங்க.” முக்கால் மணி நேரம் சொல்வேன். போனை வைத்த பிறகுதான் முக்கியமான இரண்டு விஷயம் விட்டுப்போனது ஞாபகத்துக்கு வரும். அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் பொள்ளாச்சிக்காரி. கல்யாணமாகி அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்கு வந்து வருஷம் பதினேழு ஆகிறது. இந்தச் சுற்றை நான்கு முறை முழுதாக முடித்திருக்கிறேன். முதல் தடவை போனபோது முடிக்கவில்லை, பாதியில் திரும்பினோம். கீழே எழுதியிருப்பதில் பெரும்பங்கு அந்த முடிக்காத நாள் கற்றுக்கொடுத்ததுதான்.

முதலில் பாதை. ஒயிட் மவுண்டன்ஸ் பகுதியில் ஃபிராங்கோனியா நாட்ச் என்று ஒரு கணவாய். அதன் நடுவே 93ஆம் நெடுஞ்சாலை ஓடுகிறது. சாலைக்குக் கிழக்கே, லாஃபயெட் பிளேஸ் என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையில் ஏற வேண்டும். 3.2 மைலில் லிட்டில் ஹேஸ்டேக் என்ற உச்சி. அங்கே முகட்டைத் தொட்டு, முகட்டின் மேலேயே வடக்கே 1.7 மைல் நடந்தால் மவுண்ட் லிங்கனும் மவுண்ட் லாஃபயெட்டும். லாஃபயெட் உச்சியிலிருந்து கிரீன்லீஃப் பாதையில் 1.1 மைல் இறங்கினால் மலையேறுபவர்களுக்கான கிரீன்லீஃப் குடில். அங்கிருந்து ஓல்டு பிரைடில் பாத் வழியாக 2.9 மைல் இறங்கினால் நம் வண்டி. மொத்தம் ஒன்பது மைலுக்கு ஒரு துளி குறைவு, 14 கிலோமீட்டர் சொச்சம். ஏற்றத்தைக் கூட்டினால் 3,800 அடிக்கு மேல் வரும்.

“ஒன்பது மைல்தானே, தினம் வாக்கிங்கே மூணு மைல் போறேன்” என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த மூன்று மைலில் எத்தனை தடவை முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்தீர்கள்? இங்கே பெரும்பாலும் மண் பாதை கிடையாது. பாறை, வேர், ஈரக் கல். வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்குப் புரியும். அங்கே மூங்கில் தடி இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை அல்லவா, அதே மரியாதையோடுதான் இந்த மலைக்கும் வர வேண்டும்.

நேரத்தைக் கடைசியிலிருந்து கணக்குப் போடுங்கள்

இந்த மலைகளில் நடப்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மைலுக்கு அரை மணி. ஏறும் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் இன்னோர் அரை மணி. அப்படிப் பார்த்தால் இந்தச் சுற்றுக்கு ஏறக்குறைய ஆறரை மணி நேரம். இது நிற்காமல், பழகிய காலோடு நடப்பவர்களுக்கான கணக்கு. சாப்பாடு, போட்டோ, ஷூவில் கல், பாத்ரூம், “அம்மா, கொஞ்சம் உக்காரலாமா” எல்லாம் சேர்ந்தால் நம் குடும்பங்களுக்கு ஒன்பதிலிருந்து பத்து மணி நேரம். எங்களுக்கு ஒரு தடவைகூட ஒன்பதுக்குக் கீழே வந்ததில்லை.

கிளம்பும் நேரத்திலிருந்து கூட்டிக்கொண்டு போகாதீர்கள். இருட்டும் நேரத்தை எடுத்துக்கொண்டு அதிலிருந்து கழியுங்கள். ஜூன் கடைசியில் எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். அக்டோபர் முதல் வாரம், இலையெல்லாம் சிவந்து எல்லோரும் படையெடுக்கும் நேரம், ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். கணவாய்க்குள் மரங்களுக்கு அடியில் அதற்கும் முன்பே மங்கிவிடும். இருட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே வண்டிக்கு வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மணி நேரம், சுளுக்கிய காலுக்கான சேமிப்பு.

அதனால் நாங்கள் காலை ஆறு மணிக்குப் பாதையில் கால் வைப்போம். அதற்கு நாஷுவாவில் நாலுக்கே கிளம்ப வேண்டும். சீக்கிரம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லாஃபயெட் பிளேஸில் இடம் கொஞ்சம்தான். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சனி, ஞாயிறு காலையிலேயே நிரம்பிவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தக்கூடாது, இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாரக்கடைசி, விடுமுறை நாட்களில் கேனன் மலைப் பக்கமிருந்து ஷட்டில் பஸ் விடுகிறார்கள். அதை நம்பிப் போவதானால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள். வடக்கிலிருந்து வருபவர்கள் நிறுத்தும் இடம் சாலையின் மறுபக்கம் இருக்கும். நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டாம், அடியில் நடைச் சுரங்கம் இருக்கிறது.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஃபாலிங் வாட்டர்ஸில் ஏற்றம், பிரைடில் பாதையில் இறக்கம். ஃபாலிங் வாட்டர்ஸ் செங்குத்தானது, வருஷம் முழுக்க ஈரமானது. களைத்துப்போன கால்களோடு சாயங்காலம் அதில் இறங்குவது வேண்டாத ஆபத்து.

பையில் என்ன

பருத்தித் துணி வேண்டவே வேண்டாம். பனியன், ஹூடி, ஜீன்ஸ், சாக்ஸ், எதிலும். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. மேலே காற்றில் அது உடம்போடு ஒட்டிய ஈரத்துணி. ஆயிரம் அடிக்கு மூன்றிலிருந்து ஐந்து டிகிரி ஃபாரன்ஹீட் வரை குளிர் கூடும். கீழே 65 என்றால் லாஃபயெட் உச்சியில் 50 இருக்கலாம், அதன் மேல் காற்று. ஜூலையிலும் ஒவ்வொருவர் பையிலும் ஒரு ஃபிளீஸ் கதகதப்புச் சட்டை, காற்றும் மழையும் புகாத ஒரு மேல்சட்டை, கம்பளிக் குல்லா, கையுறை கட்டாயம் இருக்க வேண்டும். “அப்பா பைல இருக்கு” என்பது செல்லாது. அப்பா அரை மைல் முன்னால் போய்க்கொண்டிருப்பார்.

தலையில் கட்டும் விளக்கும் அப்படித்தான், ஆளுக்கு ஒன்று. போன் வெளிச்சத்தில் இந்தப் பாறைகளில் இறங்க முடியாது. ஒரு கை போனுக்குப் போய்விடும், குளிரில் பேட்டரியும் சீக்கிரம் தீரும். சிக்னல் இல்லாத இடங்கள் நிறைய உண்டு. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, ஒரு காகித வரைபடமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பெரியவர்களுக்கு மூன்று லிட்டர். ஓடை பக்கத்திலேயே ஓடுகிறதே என்று அப்படியே குடிக்காதீர்கள், வயிற்றைக் கெடுக்கும் கிருமி அதில் இருக்கலாம். ஃபில்டர் இருந்தால் சரி.

சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் தாராளமாக விட்டுப் பொடி தடவிய இட்லி. குளிரிலும் தொண்டையில் இறங்கும், கையுறையைக் கழற்றிய ஒரு நிமிஷத்தில் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளலாம். புளிசாதம் உச்சியில் உட்கார்ந்து சாப்பிட. கடலைமிட்டாய் ஒவ்வொருவர் பாக்கெட்டிலும், பைக்குள் அல்ல. பைக்குள் இருப்பதை யாரும் நின்று எடுத்துச் சாப்பிடுவதில்லை. முக்கால் மணிக்கு ஒரு தடவை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், ஒரு துண்டு. உப்புப் போட்டுக் காயவைத்த நெல்லிக்காய் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வையில் போன உப்பை அது திரும்பக் கொடுக்கும், வாயும் காயாது. தோல், விதை, உறை எல்லாம் திரும்ப வீட்டுக்கு வர வேண்டும். அந்த உயரத்தில் வாழைப்பழத் தோல்கூடச் சீக்கிரத்தில் மக்காது.

ஷூ புதிதாக வாங்கினால் குறைந்தது நாலைந்து நடை போய்ப் பழக்கிய பிறகுதான் இங்கே கொண்டுவர வேண்டும். முந்தின நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். நாலு மைல் இறக்கத்தில் நகம் ஷூவின் நுனியில் இடித்துக்கொண்டே வந்தால் தெரியும் அது சின்னதா பெரிதா என்று.

பழகிப் பார்க்க எங்கள் பக்கத்திலேயே மொனாட்னாக் மலை இருக்கிறது, 3,165 அடி. ஒயிட் டாட் பாதையில் ஏறி ஒயிட் கிராஸ் பாதையில் இறங்கினால் கிட்டத்தட்ட நாலு மைல். அதை முடித்த மறுநாள் காலையில் படிக்கட்டில் இறங்கும்போது முழங்கால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிகிறது என்றால் இன்னும் ஒரு மாதம் பழகிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. நியூ ஹாம்ப்ஷயரில் ஹைக் சேஃப் அட்டை என்று ஒன்று விற்கிறார்கள். தனி ஆளுக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35 டாலர், ஒரு வருடத்துக்கு. பொறுப்பில்லாமல் மலையேறி மாட்டிக்கொண்டவரிடம் மீட்புச் செலவை வசூலிக்க இந்த மாநிலச் சட்டத்தில் இடமிருக்கிறது. அட்டை வைத்திருப்பவர்கள் கவனக்குறைவால் மாட்டிக்கொண்டாலும் அந்தச் செலவைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் நான் வாங்குவது அதற்காக அல்ல. அந்தப் பணம் மீட்புப் பணிக்குப் போகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு முன்பின் தெரியாத ஒருவரைத் தூக்குக்கட்டிலில் வைத்து, இந்தப் பாறைகளில் கை மாற்றிக் கை மாற்றி இறக்குபவர்களில் பாதிப்பேர் தன்னார்வலர்கள், மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

ஏற்றம்

ஆரம்பத்தில் 0.2 மைல் இரண்டு பாதைகளும் ஒன்றாகவே போகும். பிறகு வலதுபக்கம் திரும்பி, பாலத்தில் வாக்கர் ஓடையைக் கடந்தால் ஃபாலிங் வாட்டர்ஸ். கொஞ்ச தூரத்தில் ட்ரை புரூக் என்ற ஓடை வரும். பெயர்தான் வறண்ட ஓடை, தண்ணீர் எப்போதும் ஓடும். அதைப் பாலம் இல்லாமல் கல் மேல் கல்லாகக் கடக்க வேண்டும். ராத்திரி பெருமழை பெய்து தண்ணீர் கல்லுக்கு மேல் ஓடுகிறது என்றால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். அன்றைக்குப் பிரைடில் பாதையிலேயே ஏறி, குடில் வரை போய், அதே வழியில் இறங்கலாம். அதுவும் நல்ல நடைதான்.

பிறகு வரிசையாக அருவிகள். ஸ்டெயர்ஸ், ஸ்விஃப்ட்வாட்டர், கடைசியாக கிளவுட்லேண்ட். கிளவுட்லேண்ட் ஏறக்குறைய 80 அடி. கறுத்த பாறை மேல் வெள்ளை விசிறி மாதிரி விரிந்து விழும். காலை ஏழு மணிக்கு அங்கே ஆள் அரவமே இருக்காது. நின்று பாருங்கள், பத்து நிமிஷம். எங்கள் முதல் பயணத்தில் இந்த மூன்று அருவிகளிலும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டோம். பிள்ளைகளை அருவிப் பாறையில் ஏற விடாதீர்கள், பாசி வழுக்கும்.

கிளவுட்லேண்டுக்கு மேலே தண்ணீர்ச் சத்தம் மெல்ல மெல்லப் பின்னால் போய்விடும். அதன் பிறகு சுமார் ஒன்றரை மைல், வளைந்து வளைந்து ஏற்றம் மட்டும்தான். வேடிக்கை பார்க்க எதுவும் இல்லை. பேச்சு நின்றுபோகும் இடம் இது. மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் நடங்கள். அதைவிட வேகமாகப் போனால் கடன் வாங்கி நடக்கிறீர்கள், சாயங்காலம் முழங்கால் அதைத் திரும்பக் கேட்கும். மேலே ஷைனிங் ராக் என்ற பெரிய பாறைக்கு ஒரு கிளைப் பாதை பிரியும். நேரம் தாராளமாக இருந்தால் போய்ப் பார்க்கலாம், ஆனால் பாறை மேல் ஏறக்கூடாது.

லிட்டில் ஹேஸ்டேக்குக்கு முன்னால் நில்லுங்கள்

இதைத்தான் போனில் எப்போதும் சரியாகச் சொல்லாமல் விட்டுவிடுகிறேன்.

மரங்கள் மெல்லக் குட்டையாகும். தலைக்கு மேல் இருந்த ஸ்புரூஸ் மரங்கள் தோள் உயரம், பிறகு இடுப்பு உயரம் என்று காற்றுக்குக் குனிந்து நிற்கும். அதற்கு மேல் சில நிமிஷம் நடந்தால் திடீரென்று மரமே இல்லாமல் வெறும் பாறை. அதுதான் லிட்டில் ஹேஸ்டேக், கிட்டத்தட்ட 4,800 அடி. வெட்டவெளிக்குப் போகாமல், மரங்கள் இன்னும் தோள் உயரம் இருக்கும்போதே நில்லுங்கள். ஃபிளீஸ், மேல்சட்டை, குல்லா எல்லாவற்றையும் அங்கேயே போடுங்கள். சாப்பிடுங்கள், குடியுங்கள். பிறகு எண்ணுங்கள்.

எங்கள் முதல் தடவை செப்டம்பர் கடைசி. ஒன்பதரைக்குத்தான் நடக்க ஆரம்பித்திருந்தோம். லிட்டில் ஹேஸ்டேக் போனபோது மணி இரண்டு. மகளுக்கு அப்போது பதினாலு வயது, பள்ளிக்கூடப் பருத்தி ஹூடி, முதுகு முழுக்க வியர்வை. பாறைக்கு வந்ததும் கிழக்கிலிருந்து மேகம் முகட்டைத் தாண்டி எங்கள் மேல் வழிந்தது. எதிரே தெரிந்த லிங்கன் அரை நிமிஷத்தில் காணவில்லை. நான் அவளுக்கு என் மேல்சட்டையைக் கொடுத்தேன். அவள் ஜிப்பை இழுக்கப் பார்த்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அந்தச் சின்ன நாக்கைப் பிடித்தன, நழுவின, மறுபடி பிடித்தன, நழுவின. “அம்மா, விரல் கேக்க மாட்டேங்குது” என்றாள். உதடு நீலமாக இருந்தது.

எழுபது வயது இருக்கும் ஒரு அமெரிக்க அம்மா பாறை மறைவில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, தன் பையிலிருந்து ஒரு குல்லாவை எடுத்து எதுவும் கேட்காமல் மகள் தலையில் காதுவரை இழுத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் கையுறை போட்ட விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். இங்கிருந்து லாஃபயெட்டுக்கு இரண்டு மணி நேரம், குடிலுக்கு ஒரு மணி நேரம், வண்டிக்கு மூன்று. ஆறு விரல். இருட்டுவதற்கு எத்தனை விரல் இருக்கிறது என்று கேட்டார். நாலரை. ஏறிய வழியிலேயே திரும்பினால் மூன்று. அவ்வளவுதான் சொன்னார். நாங்கள் திரும்பினோம். என் கணவர் வண்டி வரும்வரை ஒன்றும் பேசவில்லை. வண்டியில் ஹீட்டரைப் போட்டுவிட்டு, “அந்தம்மா மட்டும் இல்லீன்னா நான் போலாம்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார்.

அதிலிருந்து நாங்கள் ஒவ்வொரு முறையும் அந்த மரங்களுக்குள் நின்று விரலை மடக்கிக் கணக்குப் போடுகிறோம். ஏன் அங்கேயே என்றால், லிட்டில் ஹேஸ்டேக்குக்கும் லாஃபயெட்டுக்கும் நடுவே 1.7 மைலில் கீழே இறங்க ஒரு பாதைகூடக் கிடையாது. ஒதுங்க மரம் கிடையாது. மேற்கே கணவாய்க்குச் சரிவு, கிழக்கே பெமிகெவாசெட் காடு, சாலையே இல்லாத வனம். முகட்டின் நடுவில் எண்ணினால் அந்த எண்ணிக்கைக்குப் பிரயோஜனம் இல்லை.

என் எல்லைகள் இவை. கோடையில் பதினொன்றரைக்குள், அக்டோபரில் பத்தரைக்குள் லிட்டில் ஹேஸ்டேக் வரவில்லை என்றால் திரும்புவோம். தண்ணீர் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தால் யோசிப்போம். குழுவில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய முழங்காலை வைத்துத்தான் கணக்கு, நடத்திப் போகிறவருடைய காலை வைத்து அல்ல. அவரிடம் நேராகக் கேட்காதீர்கள், “பரவால்ல, வரேன்” என்றுதான் சொல்வார். அவர் கடைசி அரை மணி நேரம் எப்படி நடந்தார் என்று பின்னால் நின்று பார்த்திருக்க வேண்டும். இடிச் சத்தம் தூரத்தில் ஒரு தடவை கேட்டாலும் முகட்டில் கால் வைப்பதில்லை. காற்றைப் பற்றி மவுண்ட் வாஷிங்டன் வானிலை நிலையம் உயர்ந்த சிகரங்களுக்கென்றே தனியாக ஒரு முன்னறிவிப்பு போடுகிறது. கிளம்பும் நாள் காலையில் அதைப் படியுங்கள். கீழே இருக்கும் ஊரின் வானிலையைப் பார்த்துவிட்டு மலைக்கு வராதீர்கள். மணிக்கு 40 மைலுக்கு மேல் காற்று என்றால் நான் குடும்பத்தோடு போக மாட்டேன்.

முகட்டில்

எண்ணிக்கை சரியாக வந்தால், இடதுபக்கம், அதாவது வடக்கே திரும்புங்கள். வலதுபக்கம் போனால் மவுண்ட் லிபர்ட்டி. மேகம் இல்லாத நாளில் இங்கிருந்து லாஃபயெட் வரை முகடு முழுவதும் கண் முன்னால் தெரியும், அதன் மேல் எறும்பு வரிசை மாதிரி மனிதர்கள். முதல் தடவை முழுதாக நடந்த அன்று மகள் இந்த இடத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு மேகத்துக்குள் இருந்தது இதுதானா என்று கேட்டாள்.

பாதையின் இருபுறமும் தாழ்வாகக் கல் அடுக்கியிருப்பார்கள். அதைத் தாண்டாதீர்கள். இலையே இல்லாத பாசி மாதிரித் தெரியும் மெத்தைகள் உண்மையில் செடிகள். டயாபென்சியா என்று ஒன்று ஜூன் மாதத்தில் குட்டிக் குட்டி வெள்ளைப் பூ பூக்கும், குனிந்து பார்த்தால்தான் தெரியும். உயரக் குளிரில் வருஷத்துக்கு மயிரிழை அளவு வளர்பவை, ஒரு ஷூ மிதியில் செத்துப்போகும். பாறை மேல் மட்டும் கால் வையுங்கள்.

லிங்கனுக்கு முன்னால் முகடு குறுகும். கயிறு வேண்டியதில்லை, சில இடங்களில் கை வைத்து ஏற வேண்டியிருக்கும். லிங்கன் 5,089 அடி. அங்கிருந்து இறங்கி மறுபடி ஏறினால் சுமார் 5,250 அடியில் லாஃபயெட். மேற்கே எதிரில் கேனன் மலையின் பாறைச் சுவர் தெரியும். நியூ ஹாம்ப்ஷயர் கார் நம்பர் பலகையில் இருக்கும் அந்தக் கிழவர் முகம், ஓல்டு மேன், அங்கேதான் இருந்தது. 2003 மே 3ஆம் தேதி சரிந்து விழுந்துவிட்டது.

லாஃபயெட் உச்சியில் ஒரு பழைய கட்டடத்தின் கல் அடித்தளம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரையில் மேலே வந்தவர்களுக்காகக் கட்டிய விடுதி. அந்தக் கல்லுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கிப் புளிசாதத்தைப் பிரியுங்கள்.

கிளம்பும்போது ஒரு எச்சரிக்கை. முகடு முழுக்க நீங்கள் பின்தொடர்ந்து வந்த வெள்ளைப் பட்டைகள் பல மாநிலங்களைக் கடந்து போகும் அப்பலாச்சியன் என்ற நெடும்பாதையின் அடையாளம். அவை லாஃபயெட்டில் நிற்காமல் கார்ஃபீல்டு ரிட்ஜ் வழியாக வடக்கே போய்விடும். பனிமூட்டத்தில் வெள்ளைப் பட்டையை நம்பி நடந்தால் வண்டியை விட்டுத் தூரமாகத்தான் போவீர்கள். உச்சியில் இருக்கும் பலகையைப் படித்து, கிரீன்லீஃப் என்று எழுதியிருக்கும் பக்கம், மேற்கே இறங்குங்கள். குழுவில் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, பலகைக்குப் பக்கத்திலிருந்து ஒன்றாகக் கிளம்புங்கள்.

இறக்கம்

கிரீன்லீஃப் குடில் தெரிந்தவுடன் எல்லோருக்கும் முடிந்துவிட்டது என்று தோன்றும். ஜூன் முதல் அக்டோபர் நடுவரை அங்கே ஆட்கள் இருப்பார்கள், சூடாக சூப் கிடைக்கும், தண்ணீர் நிரப்பலாம், கழிப்பறை உண்டு. இருபது நிமிஷம் உட்காருங்கள். ஆனால் இன்னும் 2.9 மைல் இருக்கிறது, 2,400 அடி இறக்கம். எங்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை.

குடிலில் செய்ய வேண்டிய வேலை ஷூ கயிறு. முழுதாக அவிழ்த்து, குதிகாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பின்னால் தள்ளி உட்கார வைத்துவிட்டு, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். விரல் பக்கம் தளர்வாக இருக்கட்டும். பாதம் முன்னால் வழுக்காது, நகம் தப்பிக்கும். கைத்தடிகளை ஏறும்போது வைத்ததைவிட மூன்று நாலு விரற்கடை நீட்டிக்கொள்ளுங்கள். இறங்கும்போது முதலில் தடி, பிறகு கால். உயரமான படியில் தொப்பென்று குதிக்காமல், பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி, பாதத்தை மெதுவாக வையுங்கள். சரிந்த பாறைப் பலகைகளில் நுனிப்பாதத்தில் நடக்காதீர்கள். உள்ளங்கால் முழுவதும் பாறையைத் தொட வேண்டும்.

குடிலுக்குக் கீழே மூன்று மேடுகளை அகனீஸ் என்று சொல்வார்கள், வேதனைகள் என்று அர்த்தம். ஏறுபவர்கள் வைத்த பெயர், இறங்குபவர்களுக்கும் பொருந்தும். அங்கே சில பாறைத் திட்டுகளில் நின்று பார்த்தால், காலையிலிருந்து நடந்த முகடு முழுவதும் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தலைக்கு மேலே நிற்கும். அதன் பிறகு காடுதான். மழை பெய்திருந்தால் வேர்கள் சோப்பு மாதிரி இருக்கும். கால் தடுமாறுவது பெரும்பாலும் இந்தக் கடைசி மைலில்தான். அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி ஒரு கடலைமிட்டாய்.

இரண்டு பாதைகளும் சேரும் இடம் வந்தால் இன்னும் 0.2 மைல். வண்டிக்கு வந்ததும் முதல் வேலை, காலையில் யாரிடம் “இத்தனை மணிக்குள் கூப்பிடாவிட்டால் 911க்குச் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்தீர்களோ அவரைக் கூப்பிடுவது. சிக்னல் இல்லையென்றால் சிக்னல் வரும் வரை ஓட்டிப்போய், நிறுத்திக் கூப்பிடுங்கள். பிறகு உலர்ந்த சாக்ஸ், மீதி இட்லி. பத்து மணி நேரம் நடந்தவர் ஸ்டியரிங்கில் தூங்கிவிடக்கூடும், அதனால் நாங்கள் நாற்பது மைலுக்கு ஒரு தடவை ஆள் மாற்றி ஓட்டுவோம். முடிந்தால் அந்திக்கு முன்பே தெற்கே கிளம்பிவிடுங்கள். மங்கின வெளிச்சத்தில் மூஸ் மான் சாலைக்கு வரும். அதன் நிறம் கறுப்பு, கண் நம் விளக்கின் உயரத்துக்கு மேலே, அதனால் கண்ணும் பளபளக்காது. பக்கத்தில் போகும்வரை தெரியாது.